ஓட்டுநர் உரிமம் நிறுத்தப்படும்போது: சலான் கைக்கு வந்த நாள் முதல் உரிமம் திரும்பும் நாள் வரை

சாலை விதியை மீறியதற்கு அபராதம் கட்டுவது ஒரு வழக்கு. அதே மீறலுக்காக ஓட்டுநர் உரிமத்தை நிறுத்தி வைப்பது வேறொரு நடவடிக்கை. முதலாவது காவல்துறையிலோ நீதிமன்றத்திலோ முடியும். இரண்டாவது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நடக்கும். ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்திலிருந்து சாயல்குடி வரை மீன் வண்டி, ஆட்டோ, சுற்றுலா வேன் ஓட்டுகிறவர்களோடு அந்த அலுவலகத்துக்குப் பலமுறை போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இங்கே தடுக்கி விழுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணி, "ஃபைன் கட்டியாயிற்று, முடிந்தது" என்று இருந்துவிட்டவர்கள். செய்ய வேண்டியவற்றை அவை வரும் வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

1. பிரச்சினை வருவதற்கு முன்பே சரிசெய்ய வேண்டியவை

உரிமத்தில் உள்ள முகவரியும் கைப்பேசி எண்ணும் இன்றைய தேதியில் சரியாக இருக்கின்றனவா என்று மத்திய அரசின் போக்குவரத்து இணையதளமான பரிவாகனில் பார்த்துக்கொள்ளுங்கள். உரிமத்தை ஏன் நிறுத்தக் கூடாது என்று காரணம் கேட்டு அலுவலகம் அனுப்பும் குறிப்பாணை உரிமத்தில் உள்ள முகவரிக்குத்தான் போகும். திருமணத்துக்குப் பின் தங்கச்சிமடத்துக்குக் குடிவந்தவரின் தபால் இன்னும் தொண்டியில் உள்ள பழைய வீட்டுக்குப் போய், "ஆள் இல்லை" என்று திரும்பிவிடும். அலுவலகமோ, அறிவிப்பு அனுப்பியும் பதில் வரவில்லை என்று பதிந்துகொண்டு உத்தரவு போட்டுவிடும். படகில் போகிறவர்கள், தாம் கடலில் இருக்கும் நாட்களில் தபாலைக் கையெழுத்திட்டு வாங்க வீட்டில் ஒருவரிடம் சொல்லி வைப்பது நல்லது.

உரிமத்தின் காலாவதித் தேதியையும் பாருங்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்து ஓராண்டு பின்பு வரை புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். அதைத் தாண்டினால் மறுபடியும் ஓட்டுத் தேர்வு உண்டு. ஆனால் அந்தப் பின் ஓராண்டு என்பது விண்ணப்பிப்பதற்கான அவகாசம் மட்டுமே. அந்த நாட்களில் வண்டி ஓட்டினால் அது உரிமமின்றி ஓட்டியதாகவே கொள்ளப்படும்.

2. கையில் கொடுத்த சீட்டு எந்த வகை என்று பார்த்தல்

சோதனையின்போது உரிமத்தை வாங்கிக்கொண்டால் ஒப்புகைச் சீட்டு ஒன்று கொடுக்க வேண்டும். கேட்டு வாங்காமல் இடத்தை விட்டு நகராதீர்கள். அந்தச் சீட்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 206-ஆம் பிரிவில் எந்த உட்பிரிவின் கீழ் கொடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே, நீங்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பலாமா கூடாதா என்பது முடிவாகிறது.

அழைப்பாணைக்கு வராமல் தப்பிவிடுவார் என்ற ஐயத்தில் உரிமத்தை எடுத்தால், அது நீதிமன்றத்துக்கு அனுப்பப்படும். அப்போது தரும் ஒப்புகைச் சீட்டு, அதில் குறித்த தேதி வரை அல்லது உரிமம் திரும்பும் வரை, இவற்றில் எது முந்தியதோ அதுவரை ஓட்ட அனுமதி தருகிறது. நீதிமன்றத்தில் முதல்முறை ஆஜரானதும் சீட்டைக் கொடுத்து உரிமத்தைப் பெற்றுக்கொள்ளலாம்.

206-இன் 4-ஆம் உட்பிரிவு அப்படி அன்று. அதிவேகம், ஆபத்தான ஓட்டம், குடிபோதை, சாலையில் பந்தயம், பாதுகாப்பற்ற வாகனம், இருசக்கர வண்டியில் மூவர், தலைக்கவசமின்மை, ஆம்புலன்ஸுக்கு வழிவிடாமை ஆகியவற்றுக்காக எடுக்கப்பட்ட உரிமம் உரிமம் வழங்கும் அலுவலருக்குப் போகும். அப்போது தரும் சீட்டு, உரிமம் திரும்பி வரும் வரை வண்டி ஓட்ட அனுமதி தருவதில்லை என்று சட்டமே சொல்கிறது. இரண்டு சீட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், பிரிவு எண் எழுதப்படாவிட்டால் அங்கேயே கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

கைக்கருவியிலிருந்து வரும் இ-சலான் சீட்டு வெப்பத்தில் அச்சாகும் தாள். சட்டைப்பையில் வியர்வையும் உப்புக்காற்றும் பட்டு நான்கே நாளில் வெள்ளைத் தாளாகிவிட்ட சலானை ஒருவர் என்னிடம் நீட்டியிருக்கிறார். அதில் மிஞ்சியிருந்தது வண்டி எண்ணின் "டிஎன் 65" மட்டும். அன்றைக்கே நகல் எடுத்து, படமும் பிடித்து வையுங்கள்.

3. எந்தப் பிரிவு, எவ்வளவு கனம்

சலானில் உள்ள பிரிவு எண்ணைப் பார்த்தால், விவகாரம் பணத்தோடு நிற்குமா உரிமத்தையும் தொடுமா என்று தெரிந்துவிடும்.

இருக்கைப் பட்டை அணியாததற்கு (194-பி) 1,000 ரூபாய். காப்பீடு இல்லாததற்கு (196) முதல்முறை 2,000 ரூபாய் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இவை 206(4)-இன் பட்டியலில் இல்லை. தலைக்கவசம் (194-டி), மூவர் பயணம் (194-சி) இரண்டுக்கும் அபராதம் 1,000 ரூபாய்தான் என்றாலும், அந்தப் பிரிவுகளிலேயே மூன்று மாதத் தகுதிநீக்கமும் (அந்தக் காலத்தில் வண்டி ஓட்டக் கூடாது) சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. நான் பார்த்த வரையில் பெரும்பாலும் அபராதத்தோடு விட்டுவிடுகிறார்கள். அது உங்கள் உரிமை என்று எண்ணிவிட வேண்டாம்.

184-ஆம் பிரிவான ஆபத்தான ஓட்டத்தைச் சற்று நிதானித்துப் பாருங்கள். சிவப்பு விளக்கைத் தாண்டுவது, கையில் கைப்பேசி பிடித்தபடி ஓட்டுவது, விதிக்கு மாறாக முந்துவது, எதிர்த்திசையில் ஓட்டுவது ஆகியவை ஓட்டும் விதத்தால் ஆபத்து விளைவிக்குமானால் இதற்குள் வந்துவிடும். பாம்பன் சாலைப் பாலத்தில் கடலைப் படம்பிடிக்க நிறுத்தியிருக்கும் வெளியூர்க் கார்களைத் தாண்ட, எதிர்ப்பக்கம் ஏறிப் போகிற உள்ளூர் வேன்காரர் இப்பிரிவில் மாட்டிக்கொள்ளலாம். நிறுத்தியவருக்கு வரும் வழக்கு அதைவிடச் சிறியதாகவே இருக்கும். 184-இல் முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இவை தவிர, மத்திய மோட்டார் வாகன விதிகளின் 21-ஆம் விதியில், பொதுமக்களுக்குத் தொல்லையோ ஆபத்தோ தரும் செயல்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது, அளவுக்கு மேல் பாரம் ஏற்றுவது, ஓட்டும்போது கைப்பேசி பயன்படுத்துவது ஆகியவை அதில் உண்டு. இந்தக் கடற்கரையில் அதிகம் உரிமம் இழக்க வைப்பது முதலாவதுதான் என்பது என் கணிப்பு. கூடைகளோடு சந்தைக்குப் போகும் பெண்களைப் பேருந்து வராத விடிகாலையில் மினி வேனின் பின்புறம் ஏற்றிச் செல்வதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழுவோ, 2015 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு அனுப்பிய அறிவுறுத்தலில், அதிவேகம், சிவப்பு விளக்கு மீறல், குடிபோதை, கைப்பேசி, அதிக பாரம் ஆகியவற்றோடு இதையும் சேர்த்து, குறைந்தது மூன்று மாதம் உரிமத்தை நிறுத்தச் சொல்லியிருக்கிறது.

4. அபராதம் கட்டுவதற்கு முன் ஒரு நிமிடம்

சலானில் உள்ள குற்றத்தை நீங்கள் செய்திருந்தால் கட்டிவிடுங்கள், இழுத்தடிப்பதில் பயனில்லை. கட்டாமல் விட்ட சலான் நீதிமன்றத்துக்குப் போகும், வண்டியின் பெயர் மாற்றம் போன்ற வேலைகளும் முடங்கும்.

செய்யவில்லையென்றால், கட்டுவதற்கு முன் யோசியுங்கள். நீதிமன்றம் போகாமல் இணக்கமாக அபராதம் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே பார்க்கப்படும். பின்னர் அலுவலகத்தில் "நான் கைப்பேசியைத் தொடவே இல்லை" என்று நீங்கள் சொன்னால், "பிறகு ஏன் கட்டினீர்கள்?" என்பதுதான் அடுத்த கேள்வி. மறுப்பதாக இருந்தால் பரிவாகனின் குறைதீர்ப்புப் பகுதியிலோ நீதிமன்றத்திலோ மறுத்துவிட்டு, மறுத்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி உங்கள் பெயரில், ஓட்டியது உங்கள் மைத்துனர் என்றால், கேமரா சலான் உங்களுக்குத்தான் வரும். சிறு தொகைதானே என்று நீங்கள் கட்டினால், ஓட்டியவர் நீங்கள் என்றே பதிவாகும். உரிமத்தைத் தொடும் பிரிவாக இருந்தால், ஓட்டியவர் யார் என்பதை எழுத்தில் தெரிவித்த பிறகே மற்றவை.

லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சலான் வழக்கை முடித்தாலும் இதே நிலைதான். அது பண வழக்கை மட்டும் முடிக்கும்.

5. குறிப்பாணைக்குப் பதில் எழுதுதல்

எல்லாம் நிலைகொள்ளும் படி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உரிமத்தை நிறுத்தும் அதிகாரம் சாலையில் நிற்கும் காவலருக்குக் கிடையாது. அவர் பரிந்துரைத்து அனுப்புகிறார். 19-ஆம் பிரிவின்படி, உரிமம் வழங்கும் அலுவலர் உங்கள் தரப்பைக் கேட்டுவிட்டு, காரணங்களை எழுத்தில் பதிந்த பிறகே உத்தரவிட முடியும். கேட்பதற்காக அவர் அனுப்புவதுதான், மக்கள் "மெமோ" என்று சொல்லும் காரணம் கேட்கும் குறிப்பாணை. பதில் தராதவர் தமக்குள்ள ஒரே பேச்சுரிமையைத் தாமே கைவிடுகிறார்.

குறிப்பாணை வந்த உறையைக் கிழித்து எறியாதீர்கள். பெற்ற நாளை உறையின் மேலேயே பேனாவால் எழுதி, தாளோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். பதிலுக்கான கெடுவை அந்த நாளிலிருந்து எண்ண வேண்டியிருக்கும்.

பதிலின் தொடக்கத்தில் குறிப்பாணையின் எண், தேதி, பெற்ற நாள், உரிம எண், வண்டி எண் ஆகியவற்றை எழுதுங்கள். அடுத்து, குற்றச்சாட்டை ஏற்கிறீர்களா மறுக்கிறீர்களா என்பது முதல் பத்தியிலேயே தெரிய வேண்டும். பிறகு நடந்ததை நேர வரிசையில், இடப் பெயரோடு சொல்லுங்கள். "உச்சிப்புளி நிறுத்தத்துக்குக் கிழக்கே, காலை ஆறரை மணிக்கு, எனக்கு முன்னால் சென்ற பேருந்து நின்றது" என்பது போன்ற ஒரு வரி, "நான் எப்போதும் மெதுவாகத்தான் ஓட்டுவேன்" என்பது போன்ற பத்து வரிகளைவிடக் கனமானது. ஆதாரம் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து இணையுங்கள்: வண்டியின் முன்கேமராப் பதிவு, பாரம் எடைபோட்ட சீட்டு, அந்த நேரத்தில் நீங்கள் வேறிடத்தில் இருந்ததற்கான வருகைப் பதிவு.

குடும்பக் கஷ்டத்தைக் கடைசிப் பத்தியில் வையுங்கள். பலர் அதையே முதலில் எழுதி, அதையே முழுவதும் எழுதி, குற்றச்சாட்டுக்கு ஒரு வார்த்தைகூடப் பதில் சொல்லாமல் கையெழுத்திட்டு விடுகிறார்கள். ஓர் இளைஞர், தாம் ஓட்டாத வண்டிக்காக வந்த குறிப்பாணைக்கு, "ஐயா, இந்த ஒருமுறை மன்னித்துவிடுங்கள், இனி நடக்காது" என்று வெளியே மனு எழுதுபவர் சொன்னபடி எழுதிக் கொடுத்திருந்தார். அவர் நினைத்தது பணிவு. தாளில் இருந்தது ஒப்புதல் வாக்குமூலம். அதைத் திருத்த அடுத்த மேசைக்கு, அதற்கடுத்த மேசைக்கு என்று அவரோடு நடந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பதிலை நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் ஒப்புகையோடு விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி, ரசீதை வைத்திருங்கள். தரகரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அவர் கொடுத்தாரா என்பது உத்தரவு வந்த பிறகுதான் தெரியும்.

6. நேரில் ஆஜராகும் நாள்

அசல் உரிமம் கையில் இருந்தால் அது, பதிவுச் சான்று, காப்பீடு, சலான் நகல், கட்டியிருந்தால் ரசீது, உங்கள் பதிலின் முத்திரையிட்ட நகல் ஆகியவற்றைக் கொண்டுசெல்லுங்கள். குறித்த நாளில் வர முடியாதென்றால் முன்கூட்டியே எழுத்தில் வேறு நாள் கேளுங்கள். எழுதிக் கொடுத்ததற்கு மாறாக நேரில் எதையும் சொல்லாதீர்கள். அலுவலர் திருப்தியடைந்தால் நடவடிக்கையைக் கைவிடலாம். இல்லையென்றால் காவல்துறை 206(4)-இன் கீழ் அனுப்பிய விவகாரத்தில் முதல் குற்றத்துக்கு மூன்று மாத நிறுத்தம், மறுகுற்றத்துக்கு உரிமமே ரத்து என்று 19-ஆம் பிரிவு வகுத்திருக்கிறது.

மீன்பிடித் தடைக்காலத்தில் இந்த மூன்று மாதத்தைக் கழித்துக்கொள்ளலாமா என்று மீன் வண்டி ஓட்டும் தம்பிமார்கள் சிலர் கேட்டதுண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்தான் வருகிறது. அப்படித் தேதி கேட்க விதியிலும் இடமில்லை.

7. உத்தரவு வந்தபின்: ஒப்படைப்பும் 30 நாளும்

உரிமம் உங்களிடம் இருந்தால் உடனே ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். "தொலைந்துவிட்டது" என்று சொல்லி நகல் உரிமம் எடுக்கும் யோசனையைச் சொல்ல யாராவது இருப்பார்கள். உண்மையை மறைத்து உரிமம் பெறுவது தனிக் குற்றம். மூன்று மாதத்தோடு முடிய வேண்டியதை ரத்து வரை கொண்டுபோகும். ஆவணங்களைக் கைப்பேசியில் காட்டும் டிஜிலாக்கர் செயலியில் உரிமத்தின் படம் இன்னும் தெரிவதும் உதவாது. நிறுத்தம் பரிவாகன் பதிவில் ஏறிவிடும். சோதனையில் பார்ப்பது அதைத்தான்.

உத்தரவு தவறென்று கருதினால், அதைப் பெற்ற நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். யாரிடம் என்பதை உத்தரவிலேயே பாருங்கள். இல்லையென்றால் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். உத்தரவில் காரணம் எழுதப்பட்டிருக்கிறதா, உங்கள் பதில் பரிசீலிக்கப்பட்டதாக ஒரு வரியாவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கேட்காமலோ காரணம் சொல்லாமலோ போட்ட உத்தரவில் மேல்முறையீட்டுக்கு வலுவான இடம் அதுதான். மேல்முறையீடு போட்டதுமே உத்தரவு நின்றுவிடாது. இடைக்காலத் தடையைத் தனியே கேட்டு, கிடைத்தபின்தான் வண்டியில் ஏற வேண்டும்.

8. நிறுத்தக் காலத்தில் ஓட்டினால்

182-ஆம் பிரிவின்படி, தகுதிநீக்கக் காலத்தில் ஓட்டினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கு 180-ஆம் பிரிவில் 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. "பக்கத்தில்தானே, ஐஸ் ஃபேக்டரி வரைக்கும்" என்று சம்மாட்டி (படகு முதலாளி) தன் வண்டியின் சாவியை நீட்டினால் இருவருமே சிக்குகிறார்கள்.

பெரிய இழப்பு இதுவன்று. அந்த ஓட்டத்தில் யாராவது அடிபட்டால், செல்லுபடியாகும் உரிமம் இல்லாததைக் காட்டி, காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த தொகையை உரிமையாளரிடமிருந்து வசூலிக்க வழி இருக்கிறது. அந்தத் தொகை ஒரு வேனின் விலையைத் தாண்டும். இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்றும் உண்டு. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமத்தோடு ஓட்டலாம், போக்குவரத்து வாகனத்துக்கான தனி அங்கீகாரம் வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. சிறு மீன் வேன் ஓட்டுநரிடம் அந்த அங்கீகாரம் இல்லை என்று மட்டும் குற்றம் சாட்டினால் இதைச் சுட்டிக்காட்டலாம். உரிமமே நிறுத்தப்பட்டவருக்கு இது பயன்படாது.

வீட்டுப் பையனை அந்த மூன்று மாதம் ஓட்டச் சொல்வதும் வேண்டாம். 18 வயது நிரம்பாதவர் குற்றம் செய்தால் 199-ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தும் உண்டு. பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது.

9. நீதிமன்றம் போக வேண்டியவை

குடிபோதை வழக்கு நடுவர் நீதிமன்றத்தில்தான் முடியும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் 185-ஆம் பிரிவு. முதல்முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். மறுமுறை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். தண்டனையோடு நீதிமன்றமே 20-ஆம் பிரிவில் தகுதிநீக்கமும் செய்யலாம். அதற்கு மேல்முறையீடு மேல் நீதிமன்றத்தில், அலுவலகத்தில் அன்று.

ஊதும் கருவியின் அச்சுச் சீட்டில் உள்ள நேரமும் அளவும் வழக்கில் எழுதியதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வாய்தா நாளைத் தவறவிட்டால் பிடிவாரண்ட் வரும்.

10. விபத்தும் சேர்ந்துவிட்டால்

அடிபட்டவரை மருத்துவமனைக்குச் சேர்ப்பது முதல் வேலை. கூட்டத்தின் கோபத்தாலோ தம் கட்டுப்பாட்டுக்கு மீறிய வேறு காரணத்தாலோ முடியாமற்போனால் மட்டுமே 134-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. அப்போதும் இயன்ற விரைவில், 24 மணி நேரத்துக்குள், காவல் நிலையத்தில் தெரிவித்தாக வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் சொல்லுங்கள். ஓடிப்போனது உரிம நடவடிக்கையிலும் உங்களுக்கு எதிராக நிற்கும், ஏனென்றால் 134-ஐ மீறுவது 21-ஆம் விதியின் பட்டியலில் தனியாகவே இருக்கிறது.

வழக்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281 (அசட்டையான ஓட்டம்), 125 (காயம்), 106 (மரணம், ஐந்து ஆண்டு வரை சிறை) ஆகிய பிரிவுகளில் பதிவாகும். ஏற்கெனவே 184-இல் தண்டனை பெற்றவர் மேல் மரணமோ கொடுங்காயமோ விளைந்த புதிய வழக்கு பதிவானால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி உரிமம் தானாகவே ஆறு மாதத்துக்கு நின்றுவிடும். அன்று "கட்டிவிட்டுப் போ" என்று யாரோ சொன்னதைக் கேட்டு நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட சிறு வழக்கு, பல ஆண்டு கழித்து எழுந்து வரும் இடம் இது.

11. உரிமத்தைத் திரும்பப் பெறுதல்

காலம் முடிந்த நாளன்று உரிமம் தானாக வீட்டுக்கு வராது. ஒப்படைத்த ரசீதோடு அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் கேட்க வேண்டும். ஒப்படைத்த உரிமத்தைத் திருப்பித் தருவதற்கு, ஓட்டுநர் மறுபயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும் என்று 19-ஆம் பிரிவின் திருத்தம் சொல்கிறது. அதை எங்கே முடிப்பது, எந்தச் சான்று வேண்டும் என்பதை நிறுத்தக் காலத்தின் முதல் மாதத்திலேயே கேட்டு வைத்தால், கடைசி நாளில் அலைய வேண்டியிருக்காது.

அட்டையைக் கையில் வாங்கிய பிறகும் உடனே சாவியைத் திருகாமல், பரிவாகனில் உரிம எண்ணை இட்டு நிலை மாறியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். மாறவில்லையென்றால் படியிறங்காமல் அதே மேசைக்குத் திரும்பிச் சரிசெய்யச் சொல்லுங்கள். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போய்ச் சேர்ந்த பிறகு திரும்பி வருவதென்றால் ஒரு நாள் வேலை போய்விடும்.